கடதாசிக்குக் கைகால் கொடுத்தவர்

மடித்த வாழ்த்து மடலை விரித்தவுடன் உள்ளிருந்து ஒரு கோபுரம் எழுந்து நிற்பதையும், ஓரத்தில் நீண்டிருக்கும் துண்டை இழுத்தவுடன் மயில் தோகை விரிப்பதையும் இன்று பலரும் கண்டிருப்பர். நத்தார்க் காலத்திலே எங்கள் திருக்கோணமலைத் துறைமுகத்தடிப் புத்தகக் கடைகளிலும் அத்தகைய மடல்கள் விற்பனைக்கு வருகின்றன. விலையைக் கேட்டு வியப்பவர் பலர். அவ்வித்தை எவர் கையில் வளர்ந்தது என வினவுவார் அரியர். அதனை விளையாட்டு நிலையினின்றும் கலை நிலைக்கு உயர்த்தியவர் ஜேர்மனி தேசத்து ஓவியர் லோதர் மெக்கெண்டோர்பர் ஆவர். அவர் மறைந்து ஒரு நூற்றாண்டளவாகிறது. தமிழிலே அவர் வரலாற்றை எழுதியவர் எவரையும் யான் கண்டிலேன். ஆதலின் அறிந்த அளவில் எழுதத் துணிந்தேன்.

அசையும் கடதாசியை முதன்முதல் கண்டவர் அவரல்லர். பேதுரு அப்பியான் என்னும் வானநூலார் 1540ஆம் ஆண்டிலேயே, ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சுழலும் கடதாசி வட்டங்கள் பொருந்திய பெருநூல் ஒன்றை வெளியிட்டார். அவ்வட்டங்களைத் திருப்பினால் கோள்களின் நிலை தெரியும். நீண்ட கணக்குப் போடும் தொல்லை இல்லை. நம் பஞ்சாங்கக்காரர்கள் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலண்டனிலே டீன் என்பாரின் பதிப்பகம் குழந்தைகளுக்கென அசையும் படநூல்களை விற்றுப் பொருளீட்டிற்று. ஆனால் அவற்றிற் பெரும்பாலானவை ஓர் இழுப்புக்கு ஓர் அசைவு காட்டுவன. கை தூக்கும், மீண்டும் தாழும். அவ்வளவே.

மெக்கெண்டோர்பர் 1847ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் மியூனிக் நகரிற் பிறந்தார். அவர் தந்தைக்கு இரு மனைவியர் வழி 25 பிள்ளைகள். அவர்களுள் இவரே கடைக்குட்டி. அந்நகரத்துக் கலைக்கழகத்தில் ஓவியம் பயின்றபின், பறக்கும் ஏடுகள் எனப் பொருள்படும் 'பிளீகண்டே பிளெற்றர்' என்ற நகைச்சுவை இதழுக்குப் படம் வரையலானார். மூக்கு நீண்ட கனவான்களும், தொந்தி பெருத்த வணிகர்களும், விறைத்த மீசைப் படைவீரர்களும் அவர் தூரிகைக்கு இரையாயினர். மனிதர் அசைவிலேதான் அவர்தம் அறியாமை வெளிப்படும் என்பதை அவ்விதழ்ப் பணியிலே அவர் கற்றிருத்தல் வேண்டும் என்பது என் எண்ணம்.

1878ஆம் ஆண்டு வெளிவந்தது அவருடைய முதல் அசையும் நூலாகிய 'உயிருள்ள படங்கள்'. தம் மைந்தனுக்கு நத்தார்ப் பரிசாகச் செய்த பொருளே பின்னர் நூலாயிற்று என அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். விற்கக் கருதிச் செய்த பண்டமன்று. பெற்ற பிள்ளை சிரிக்கவேண்டுமென்று செய்தது. இச்செய்தியை யான் பெரிதும் போற்றுகின்றேன்.

இனி, அவர் வித்தையின் உள்ளமைப்பைச் சிறிது விரித்துரைப்பேன். நாம் ஒரு தாள் எனக் கருதும் பக்கம் உண்மையில் இரண்டு தாள்கள். விளிம்பிலே ஒட்டி, இடையிலே வெளி விட்டிருப்பர். அவ்வெளியிலே மட்டைத் துண்டுகளாலான நெம்புகோல்கள் மறைந்து கிடக்கும். அவற்றை ஒன்றோடொன்று பிணைப்பவை மெல்லிய செப்புக் கம்பியைச் சுருட்டிச் செய்த சின்னஞ்சிறு ஆணிகள். மேலே தெரியும் கை, தலை, விழி, வாய் ஆகியவற்றின் அடிப்பகுதி தாளிலுள்ள கீறல் வழியே உட்சென்று அந்நெம்புகோல்களைப் பற்றிநிற்கும். வெளியே தெரிவது ஒரே ஓர் இழுப்புத் துண்டு. அதனை இழுத்தால் கை உயரும், தலை சாயும், விழி உருளும். ஒவ்வொன்றும் தன்தன் திசையில், தன்தன் அளவில். ஆணி எங்கே குத்தப்படுகின்றதோ அதனைப் பொறுத்து அசைவு பெருகும் அல்லது குறுகும். துளையைச் சிறிது நீளமாக வெட்டிவிட்டால் அவ்வுறுப்புச் சற்றே பிந்தி அசையும். இந்தப் பிந்துதலிலேதான் நகைச்சுவை இருக்கின்றது. கை முதலில் ஓங்கி, அதன் பின்னரே எதிரிலிருப்பவன் விழி விரிந்தால் நமக்குச் சிரிப்பு வரும். இரண்டும் ஒருங்கே நிகழ்ந்தால் அது வெறும் பொறி.

நாணமற்றவர் இயங்குவதை மரப்பாவை கயிற்றால் இயங்குவதோடு ஒப்பிட்டார் வள்ளுவர். கயிறு கண்ணுக்குத் தெரிந்தாற் பாவை பாவையே. மெக்கெண்டோர்பர் கயிற்றைத் தாளுக்குள் ஒளித்தார்.

இவ்விடத்தில் எம்மவர்க்கு ஒரு சொல். சித்திரகவியைக் கழைக்கூத்து என்று இகழ்வோர் நம் இலக்கிய வட்டங்களிலே மிகுதி. தண்டியலங்காரம் அதற்குச் சொல்லணியியலில் இடங்கொடுத்தும் அவர்கள் மனம் இரங்குவதில்லை. எங்கள் கோணமலைக்குப் பதிகம் பாடிய திருஞானசம்பந்தரே திருமாலைமாற்றும் பாடினார். எண்கள் ஏறியும் இறங்கியும் தேர்த்தட்டுப்போல் அடுக்கி நிற்கும் திருவெழுகூற்றிருக்கையும் பாடினார். எழுத்தைத் தேராக்கிய அறிவும் கடதாசியைக் குதிரையாக்கிய அறிவும் ஓரினத்தன என்றே யான் கொள்வேன். விளையாட்டென்று தோன்றுவதால் ஒன்று தாழ்ந்துவிடுமோ?

முன்னொருகால் ஒரு பாடசாலைக் கண்காட்சியிலே, மீன்பிடிகாரர் மகனொருவன் செய்த மடலொன்றைக் கண்டேன். பழைய கொப்பி மட்டையை வெட்டி, மாப்பசையால் ஒட்டி, கோணமலைப் பாறையை எழுப்பி நிறுத்தியிருந்தான். கீழே துண்டை இழுத்தால் அலை ஒருபுறம் செல்ல வள்ளம் மறுபுறம் செல்லும். பொறுப்பாளர் அதனைக் கண்ணாடி அலுமாரியுள் வைத்துப் பூட்டிவிட்டார். பழுதாகிவிடும் என்ற அச்சமாம். வந்தோரெல்லாம் அசையாத வள்ளத்தைப் பார்த்துவிட்டுப் போயினர். பரிசு, பூ வரைந்த பிறிதொரு மடலுக்குக் கிடைத்தது. மெக்கெண்டோர்பருடைய நூல்களோ பிள்ளைகள் கைக்கே சென்றன. இழுக்க இழுக்கக் கிழியும் என்பதை அவர் அறியாதவரல்லர். பதமாய்க் கையாளுங்கள் எனப் பிள்ளைகளைப் பாட்டாலேயே வேண்டிக்கொண்டார்; ஆயினும் கொடுக்காமல் இருந்தாரில்லை.

எஸ்லிங்கன் நகரத்து ஷ்ரைபர் பதிப்பகம் அவருடைய சிறந்த நூல்கள் பலவற்றை வெளியிட்டது. அவற்றுள் தலையாயது 1887இல் வந்த 'பன்னாட்டுச் சர்க்கஸ்'. அது மடிப்புநூல். விரித்து நிறுத்தினால் அரைவட்டமாக ஆறு காட்சிகள். ஒவ்வொன்றிலும் அடுக்கடுக்காய்த் தாள்கள் முன்வந்து நிற்க, நடுவில் குதிரையேறுவோரும் கோமாளிகளும், பின்னே படிப்படியாய் அமர்ந்த பார்வையாளரும். ஏறத்தாழ 450 உருவங்கள் அதிலுண்டு என்பர். பார்வையாளர் முகங்களை உற்றுநோக்குங்கள். சர்க்கஸைப் பார்க்காமல் அயலாரைப் பார்த்துக்கொண்டிருப்போரும் அங்கே இருப்பர். 1889இல் வந்த 'பாவை வீடு' அறையறையாய் விரிந்து மேசைமேல் நிற்கும். இன்று மடலைத் திறந்தவுடன் எழும் மாடமாளிகையெல்லாம் இவற்றின் மடிப்பு முறைக்கு உறவானவையே.

கல்லச்சில் வண்ணப் படங்களை அச்சிட்டபின் எஞ்சிய வேலை முழுவதும் கைவேலை. வெட்டுதல், ஆணி சுருட்டுதல், ஒட்டுதல் என ஒவ்வொரு பிரதியும் பல கைகளைக் கடந்தே முடிவுறும். அக்கைகளுக்குரியோர் பெயர் எந்நூலின் முகப்பிலும் இல்லை. நூல்கள் ஆங்கிலம் முதலிய மொழிகளிலும் பெயர்க்கப்பட்டுக் கடல்கடந்து சென்றன.

1889ஆம் ஆண்டளவில் தம் பெயராலேயே ஒரு நகைச்சுவை இதழையும் அவர் தொடங்கினார். அதனைப் பற்றி விரித்துரைக்க இங்கு இடமில்லை. 1914இல் மூண்ட பெரும்போர் ஜேர்மனியின் படநூல் ஏற்றுமதியை முறித்தது. இத்துணைக் கைவேலை செலுத்திய நூலை அதன்பின் மலிவாய் விற்க எவராலும் இயலவில்லை. 1925ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் மெக்கெண்டோர்பர் காலமானார். மூன்றாண்டு கழித்து, அவர் நிறுவிய இதழ், இளமையில் அவர் படம் வரைந்து பழகிய அதே 'பிளீகண்டே பிளெற்றரோடு' இணைந்துவிட்டது.

எழுபதுகளின் இறுதியில் 'பன்னாட்டுச் சர்க்கஸ்' மறுபதிப்புக் கண்டது. அமெரிக்காவில் 1993இல் தோன்றிய அசையும் நூற் கழகம், தாள்பொறி நூல்களுட் சிறந்ததற்கு 1998 முதல் அவர் பெயரால் பரிசளிக்கத் தொடங்கியது. அவருடைய பழம் பிரதிகளுள் எல்லா உறுப்பும் குறையாது அசைவன மிகச் சிலவே. ஏலங்களில் அவை பெருவிலை போகின்றன. வாங்குவோர் பெரும்பாலும் இழுத்துப் பார்ப்பதில்லை.