ஒருமுகப்பட்ட மனம்

1893ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள். செகந்திராபாத் மஹபூப் கல்லூரியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடியிருந்தனர். 1862இல் சோமசுந்தர முதலியார் தொடங்கிய கல்விக்கூடம் அது. மேடையில் நின்றவருக்கு வயது முப்பது. அதுவரை பெரும்பாலும் சிறு கூட்டங்களிலேயே உரையாடி வந்த அவர், மேலைநாடு செல்லத் தாம் கருதுவது ஏன் என்பதை அன்று ஆங்கிலத்தில் விளக்கினார். பயணத்திற்கான பொருளும் அப்போது முழுமையாகச் சேரவில்லை. எனினும் சுவாமி விவேகானந்தரின் மனம் கலங்கவில்லை.

அந்த மனம் பக்குவப்பட்டது பள்ளிப் பருவத்தில். சிறுவன் நரேந்திரனின் குறும்பு அடங்காதபோது அன்னை புவனேசுவரி தேவி, சிவநாமத்தைச் சொல்லித் தலையில் குளிர்ந்த நீரை ஊற்றுவார். அதே பிள்ளை, தோழருடன் தியான விளையாட்டில் அமர்ந்தபோது நாகம் ஒன்று வந்தது. மற்றவர் ஓடினர், அவன் மட்டும் அசையாதிருந்தான்.

1877இல், பதினான்காம் வயதில், ராய்ப்பூருக்கு மாட்டுவண்டியில் சென்றான். வழியில் மலைப்பிளவில் தொங்கிய மாபெரும் தேனடையைக் கண்டு வியந்தவன், அவ்வியப்பிலேயே மூழ்கிச் சிறிது நேரம் புறவுணர்வு இழந்தான். பின்னர் கல்கத்தா திரும்பி, மூன்றாண்டுப் பாடங்களை ஓராண்டில் கற்று, 1879இல் நுழைவுத் தேர்வில் முதல் வகுப்பில் தேறினான். தேர்வுக்கு இரண்டு மூன்று நாள் முன்புதான் வடிவகணிதம் ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது என்பதை உணர்ந்தான். இரவெல்லாம் விழித்திருந்து, இருபத்துநான்கு மணி நேரத்தில் நான்கு நூல்களைக் கற்றான். கண்விழித்துப் படிப்பதை மாணவர்க்குப் பரிந்துரைப்பதற்கில்லை. அந்த ஒருமுகப்பாடுதான் இங்கே கவனிக்கத்தக்கது.

ஹைதராபாத்தில் சுவாமிஜி வேறொன்றையும் கண்டார். வேண்டிய பொருளை வரவழைப்பதாகப் பெயர்பெற்ற ஒருவர், காய்ச்சல் தீரத் தம் தலையில் கைவைக்குமாறு அவரை வேண்டினார். குணமடைந்தபின் இடையில் ஒரு துணியும், சுவாமிஜி தந்த கம்பளியுமாக அமர்ந்து, திராட்சை, ஆரஞ்சு, சுடுசோறு, இறுதியில் பனித்துளி காயாத ரோஜாக்கள் என வரவழைத்தார். இவையெல்லாம் கைவித்தையே என அவர் கூறியதைச் சுவாமிஜி ஏற்கவில்லை. 1900இல் லாஸ் ஏஞ்சல்ஸில் மனத்தின் ஆற்றல்களைப் பற்றிப் பேசியபோது இதை நினைவுகூர்ந்தார். ஆனால் அவர் இதை அற்புதமாகப் போற்றவில்லை. மனமும் விதிகளுக்கு உட்பட்டது, அறிவியல்போல் முறையாக ஆராயத்தக்கது என்பதே அவர் கருத்து.

கல்வியைப் பற்றி அவர் கூறியது இன்னும் ஆழமானது. மீண்டும் கற்க நேர்ந்தால், செய்திகளைச் சேர்ப்பதை விடுத்து முதலில் மனத்தைக் கூராக்குவதாகச் சொன்னார். குழந்தைக்கு ஒருமுகப்பாட்டோடு பற்றின்மையையும் சேர்த்தே வளர்க்க வேண்டும் என்றார். இந்த இரண்டாவது பாதி பலராலும் மறக்கப்படுகிறது. ஒன்றில் பதிந்த மனத்தை வேண்டும்போது விலக்கத் தெரியாவிட்டால், அந்தப் பதிவே துன்பமாகிவிடும். மதிப்பெண் ஒன்றிலேயே மனம் சிக்கிக்கொண்ட மாணவனை அறிந்தவர்க்கு இது விளங்கும்.

பிப்ரவரி 17ஆம் நாள் ஹைதராபாத் ரயில் நிலையத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வழியனுப்பினர். சுவாமிஜி சென்னைக்குப் புறப்பட்டார். மே 31ஆம் நாள் பம்பாயில் கப்பலேறினார்.