விச்வம்பரனுக்கே எழுதி வைத்த வைத்தியர்!

பிரசவித்த பெண்ணுக்குத் தேய்த்துக் குளிப்பாட்டத் தன்வந்தரம் தைலம், குடிக்கத் தசமூலாரிஷ்டம், பாட்டியின் முழங்கால் வலிக்கு ஒரு குழம்பு... கடைக்குப் போனோமா, பாட்டிலை வாங்கினோமா, வந்தோமா என்று இன்று நமக்குக் காரியம் முடிந்துவிடுகிறது. நூற்றிருபது வருஷங்களுக்கு முன்பு இது இவ்வளவு சுலபமாக இல்லை. வைத்தியர் நாடி பார்ப்பார். மருந்தின் பெயரைச் சொல்வார், அல்லது ஓலையில் எழுதித் தருவார். அதற்குப் பிறகு எல்லாமே வீட்டுக்காரர்கள் பாடு! வேரும் பட்டையும் தேடி அலைய வேண்டும். இடிக்க வேண்டும். பதினாறு மடங்கு தண்ணீர் விட்டு, எட்டில் ஒரு பங்காகச் சுண்டும்வரை அடுப்பின் முன் உட்கார்ந்திருக்க வேண்டும். நோயாளியைக் கவனிப்பதா, கஷாயத்தைக் கவனிப்பதா? சரக்கு ஒன்று மாறிப்போனாலும் பக்குவம் தப்பினாலும் பழி வைத்தியர் தலையில் விழும், வேதனை நோயாளிக்கு.

இந்தச் சங்கடத்தைத் தீர்த்து வைத்தவர்களில் முதலில் நினைக்க வேண்டியவர், கேரளத்தின் கோட்டக்கல்லில் வாழ்ந்த வைத்தியரத்தினம் பி.எஸ்.வாரியர். 'கோட்டக்கல் ஆர்ய வைத்திய சாலை' என்ற பெயர்ப் பலகையை நம் ஊர்த் தெருக்களிலும் பார்த்திருப்பீர்கள். அதை நிறுவிய பெரியவர் இவர்தான்.

1869-ம் ஆண்டு மார்ச் 16-ம் தேதி, ராம வாரியரின் மகனாகப் பிறந்தார் சங்குண்ணி. வாரியர்கள், கோயில் கைங்கர்யத்தையே குலத்தொழிலாகக் கொண்டவர்கள். விடியற்காலையில் எழுந்து குளத்தில் முழுகி, நந்தவனத்தில் பூப் பறித்து, ஸ்வாமிக்கு மாலை கட்டிக் கொடுப்பது அவர்களுக்கு வழிவழியாக வந்த பேறு. எந்தச் செடியில் எது, எந்த மாதத்தில் எது பூக்கும் என்பதெல்லாம் அந்தக் குடும்பங்களில் குழந்தைகளுக்குச் சொல்லித் தரவேண்டிய பாடமே அல்ல; பழகிப் பழகி வந்துவிடும். பூவைத் தேடிய குலத்தில் பிறந்த பிள்ளை, வேரையும் இலையையும் தேடப் போனது பொருத்தம்தானே!

ஆயுர்வேதம் படிக்க அவர் போய்ச் சேர்ந்தது குட்டஞ்சேரி மூஸ் வீட்டுக்கு. கேரளத்தில் 'அஷ்டவைத்தியர்கள்' என்று சில அந்தணக் குடும்பங்கள் உண்டு. ஆயுர்வேதத்தின் எட்டு அங்கங்களிலும் தேர்ந்தவர்கள் என்பதால் அந்தப் பெயர். குருவின் வீட்டிலேயே தங்கி, வாக்படரின் அஷ்டாங்க ஹ்ருதயத்தை மனப்பாடம் செய்து, குரு நோயாளியைப் பார்க்கும்போது கூடவே நின்று, மருந்துச் சரக்கை நேரில் பார்த்து அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். அப்படித்தான் படித்தார் சங்குண்ணி.

இந்தச் சமயத்தில் அவருக்குக் கண்ணில் நோய் வந்தது. ஓலைச்சுவடியே கதி என்றிருக்கும் மாணவனுக்குக் கண்ணில் கோளாறு என்றால் எப்படி இருக்கும்! சிகிச்சைக்காக மஞ்சேரி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே இருந்த டாக்டர் வர்கீஸ் குணப்படுத்தினார். கண் சரியானதும் வேறொருவராக இருந்தால் நன்றி சொல்லிவிட்டு ஊர் திரும்பியிருப்பார். இவரோ, அந்த டாக்டரிடமே மாணவராகச் சேர்ந்து இங்கிலீஷ் வைத்தியத்தையும் கற்க ஆரம்பித்துவிட்டார். ஆசாரம் மிகுந்த குடும்பத்துப் பிள்ளை, அந்தக் காலத்தில் இப்படிச் செய்வது லேசான விஷயமல்ல. ஆனால், ஒன்றைக் கற்றதால் இன்னொன்றை அவர் விடவில்லை. பிற்காலத்தில், உடற்கூறு பற்றி மேல்நாட்டார் கண்டறிந்தவற்றையும் சேர்த்து, 'அஷ்டாங்க சாரீரம்' என்ற நூலை சம்ஸ்கிருதத்திலேயே எழுதினார். எனக்கென்னவோ, கண் நோயை அனுப்பியதே அந்தப் பகவான்தானோ என்று தோன்றுகிறது!

1902-ம் ஆண்டு அக்டோபர் 12. கோட்டக்கல்லில் ஆர்ய வைத்திய சாலை பிறந்தது. சாஸ்திரத்தில் சொன்ன சரக்குகளைச் சொன்ன அளவில் சேர்த்து, மருந்தைத் தாங்களே காய்ச்சித் தயாராகக் கொடுப்பது என்பதுதான் நோக்கம். தைலமும் லேகியமும் அரிஷ்டமும் சரி, நாள்பட இருக்கும். கஷாயம்? இன்று வைத்தால் இரண்டொரு நாளில் கெட்டுவிடுமே! அதைக் கெடாமல் பாட்டிலில் அடைத்துத் தருவது அந்த நாளில் பெரிய சவால். அதிலும் அவர் இறங்கினார். அடுத்த ஆண்டே 'தன்வந்தரி' என்ற பெயரில் வைத்தியப் பத்திரிகை ஒன்றும் தொடங்கி, இருபது வருஷங்களுக்கு மேல் நடத்தினார். 1917-ல் கோழிக்கோட்டில் ஆயுர்வேதப் பாடசாலை ஆரம்பித்தார். 1924-ல் அதைக் கோட்டக்கல்லுக்கே கொண்டுவந்து, ஏழைகளுக்கு இலவச ஆஸ்பத்திரியும் திறந்தார். 1933-ல் அரசாங்கம் 'வைத்தியரத்தினம்' என்று பட்டம் கொடுத்தது.

இத்தனைக்கும் நடுவில் அவர் பிடித்த பிடியை விடாத ஒன்று உண்டென்றால், அது விச்வம்பரன் திருவடி. உலகத்தையே தாங்குகிறவன் என்று பொருள்படும் திருமாலின் திருநாமம் அது. பாற்கடலில் அமிர்த கலசத்தோடு தோன்றிய தன்வந்திரியும் அந்தத் திருமாலின் வடிவம்தானே! வைத்தியர் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தெய்வம் ஏது? கோட்டக்கல்லில் 'கைலாச மந்திரம்' என்று பெயரிட்டு வீடு கட்டிக்கொண்டார் வாரியர். அதன் அருகிலேயே விச்வம்பரனுக்குக் கோயில். சிவன் பெயரில் வீடு, திருமால் பெயரில் கோயில்! அதோடு நிற்கவில்லை. அந்த வீட்டு முகப்பில் ஓங்காரத்தோடு சிலுவையும் பிறையும் பொறிக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம்.

அது வெறும் அலங்காரம் அல்ல என்பதற்கு 1921-ம் ஆண்டு சாட்சி. மலபார் கலவரம் சுற்றுவட்டாரத்தையே உலுக்கிய நேரம் அது. உயிருக்குப் பயந்து ஓடிவந்த இந்துக்கள், முஸ்லிம்கள் இருவருக்குமே அவர் அடைக்கலம் கொடுத்தார். யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்து மருந்து கொடுக்கும் வழக்கம் அவரிடம் இருந்ததில்லை. கலவரத்திலும் அது மாறவில்லை.

கலைப்பித்தும் அவருக்கு உண்டு. 'பரமசிவ விலாசம்' என்ற நாடகக் கம்பெனியையே நடத்தினார். பிறகு கதகளியின் பக்கம் மனம் திரும்பியது. 1939-ல் கதகளிக் குழு ஒன்றை அமைத்தார். அதுதான் இன்று புகழோடு விளங்கும் பி.எஸ்.வி. நாட்டிய சங்கம். கோயில் மைதானத்தில், திறந்த வெளியில், பெரிய விளக்கின் முன்னால் விடிய விடிய நடக்கும் ஆட்டம் அது. பகலெல்லாம் நோயாளிகள், இரவில் செண்டைச் சத்தம்... வைத்தியர் வீடு எப்படிக் களைகட்டியிருக்கும்!

வயது எழுபதை எட்டியது. இப்போதுதான் பெரிய கேள்வி எழுந்தது. எனக்குப் பிறகு இதெல்லாம் என்ன ஆகும்?

அவர்களுடையது மருமக்கள் தாய முறை. சொத்து, சகோதரிகளின் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும். வாரியருக்கோ குடும்பம் பெரிது. எல்லோர் மீதும் பாசமும் பெரிது. பங்கு பிரித்தால் ஆளுக்கு ஒரு பகுதி கிடைக்கும். ஆனால் அடுப்பு ஆளுக்கொரு பக்கம் போகும். மருந்தின் தரம் போகும். இலவச ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் ஏழை எங்கே போவான்? சரி, மொத்தத்தையும் தர்மத்துக்கு எழுதிவிடலாம் என்றால், நம்பியிருக்கும் சொந்தங்களைத் தெருவில் விட்டதாகாதா? எத்தனையோ நல்ல குடும்பங்கள் இந்த இடத்தில்தான் உடைந்திருக்கின்றன.

வாரியர் செய்த ஏற்பாடு அழகானது. 1939-ல் உயில் எழுதினார். வைத்திய சாலை எந்தத் தனி மனிதருக்கும் சொந்தமில்லை; அது ஒரு டிரஸ்ட். வரும் லாபத்தில் ஒரு பகுதி வைத்திய சாலையின் வளர்ச்சிக்கு. ஒரு பகுதி இலவச ஆஸ்பத்திரி, பாடசாலை, கதகளி போன்ற தர்மங்களுக்கு. ஒரு பகுதி குடும்பத்தாருக்கு. யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. யாரும் எனக்கே என்று சொல்லவும் வழியில்லை! உரிமையாளன் விச்வம்பரன், மற்றவர்கள் அவன் காரியஸ்தர்கள் என்பதுதான் இதற்கு அர்த்தம் என்று நான் நினைக்கிறேன்.

1944-ம் ஆண்டு ஜனவரி 30-ம் தேதி அவர் பகவானின் திருவடி சேர்ந்தார். அந்த உயிலுக்குச் சோதனை சீக்கிரமே வந்தது. பொறுப்பேற்று நடத்திய மருமகன் மாதவ வாரியர், 1953-ல் விமான விபத்தில் காலமானார். தனிச்சொத்தாக இருந்திருந்தால் நிலைமை என்னவாகியிருக்குமோ! டிரஸ்டாக இருந்ததால் தம்பி பி.கே.வாரியர் பொறுப்பை ஏற்றார். அறுபது வருஷங்களுக்கும் மேலாக நடத்தினார். பத்மஸ்ரீ, பத்மபூஷண் விருதுகள் பெற்ற அவர், நூறு வயது கண்டு, 2021 ஜூலையில் இறைவனடி சேர்ந்தார்.

கோட்டக்கல், கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. ரயிலில் போகிறவர்கள் திரூரில் இறங்கலாம். அங்கிருந்து சுமார் 15 கி.மீ. மார்ச், ஏப்ரல் வாக்கில் விச்வம்பரன் கோயில் உற்சவம் நடக்கும். அந்தச் சமயம் போனால், ஸ்வாமி தரிசனத்தோடு, ராத்திரி கதகளியும் பார்த்துவிட்டு வரலாம்.