குண்டு தேடிய கிரகாம் பெல்

டெலிபோனைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் மூணாம் வகுப்புப் பிள்ளைகூட அலெக்சாண்டர் கிரகாம் பெல் என்று சொல்லிவிடும். ஆனால் நண்பர்களே, விமான நிலையத்திலும் பெரிய கோயில் வாசலிலும் நம் உடம்பை ஒட்டி ஒரு கருவியைத் தடவிப் பார்க்கிறார்களே, அந்த மெட்டல் டிடெக்டருக்கும் அதே பெல் ஒரு வகையில் தகப்பன் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எங்கள் செட்டில் சிலர் இந்த வருஷம் குறைந்த செலவில் மெட்டல் டிடெக்டர் செய்வதாகத் திட்டம் போட்டிருக்கிறோம். அதற்காக லைப்ரரியில் உட்கார்ந்து படித்தபோது சர்க்யூட்டை விட இந்த மனிதரின் கதைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அதையே மலருக்கு எழுதித் தருகிறேன்.

பெல் 1847ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் தேதி ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரில் பிறந்தார். அப்பா மெல்வில் பெல் பேச்சுக் கலை ஆசிரியர். வாயும் நாக்கும் எப்படி அசைந்தால் எந்த ஒலி வரும் என்பதைக் குறியீடுகளாக எழுதிக் காட்டும் முறையை உண்டாக்கியவர். அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது. மற்றவர்கள் ஒரு குழாயை அவர் காதில் வைத்துக் கத்துவார்கள். மகனோ அம்மாவின் நெற்றிக்குப் பக்கத்தில் வாயை வைத்து மெல்லப் பேசுவாராம். ஒலி என்றால் அதிர்வு, அது காது வழியாக மட்டும்தான் போக வேண்டும் என்றில்லை என்பதை எந்தப் புத்தகமும் சொல்லித்தருமுன் வீட்டிலேயே கற்றுக்கொண்டவர் அவர். பள்ளிக்கூடத்தில் சுமாரான மாணவர்தான். மின்சாரத்தை முறையாகப் படித்தவரும் இல்லை.

தம்பி 1867லும் அண்ணன் 1870லும் காசநோயில் இறந்துபோனார்கள். மிஞ்சிய ஒரே பிள்ளையையாவது காப்பாற்ற வேண்டும் என்று பெற்றோர் 1870இல் கனடாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அடுத்த வருஷம் பெல் அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்குப் போய் காது கேளாத பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கும் வேலையில் சேர்ந்தார். அங்கே அவரிடம் படிக்க வந்தவர்தான் மேபெல் ஹப்பர்ட். ஐந்து வயதில் விஷக் காய்ச்சல் கண்டு கேட்கும் சக்தியை இழந்தவர். 1877இல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். டெலிபோனைத் தந்தவரின் மனைவியால் டெலிபோனில் பேச்சைக் கேட்க முடியாது!

டெலிபோன் கதை எல்லோருக்கும் தெரிந்தது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெல்லுக்கு யோசனை உண்டு, ஆனால் கை வேலை வராது. அந்தக் கை தாமஸ் வாட்சனுடையது. குதிரை லாயத்தில் வேலை பார்த்தவரின் மகன். பதினாலு வயதில் படிப்பை விட்டுவிட்டுப் பட்டறையில் தொழில் பழகியவர். எங்க வீட்டில் டெஸ்டரைக் கையில் பிடித்த முதல் ஆள் நான் என்பதாலோ என்னவோ, எனக்கு வாட்சன்மேல் தனிப் பாசம். 1876 மார்ச் 7இல் பேடன்ட் கிடைத்தது, எண் 1,74,465. மூன்று நாள் கழித்து, அடுத்த அறையிலிருந்த வாட்சனை வரச்சொல்லி பெல் கூப்பிட்டது கம்பி வழியாகத் தெளிவாகப் போய்ச் சேர்ந்தது. எலிஷா கிரே என்பவரும் அதே யோசனையோடு அதே நாளில் பேடன்ட் அலுவலகத்துக்கு வந்திருந்தார் என்பதால் யார் முந்தி என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. கோர்ட்டில் ஜெயித்தவர் பெல்.

இனிமேல்தான் நம் விஷயம் வருகிறது. டெலிபோன் கம்பியும் தந்திக் கம்பியும் பக்கத்துப் பக்கத்தில் போனால் தந்தியின் டக்டக் சத்தம் டெலிபோனில் கேட்டது. இது இண்டக்‌ஷன் தொல்லை. கல்யாணத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் இருந்த காலத்தில் பெல் இதை ஒழிக்க இரண்டு காயில்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். ஒரு காயிலில் விட்டுவிட்டு வரும் கரண்ட். இன்னொன்றில் டெலிபோன் ரிசீவர். மேல் காயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினால் ஓரிடத்தில் சத்தம் அடியோடு நின்றுவிடும். தராசு முள் நடுவில் நிற்கிற மாதிரி. அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு உலோகத் துண்டைக் கொண்டுவந்தால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, தராசு சாய்ந்து, ரிசீவரில் சத்தம் வந்துவிடும். 1879இல் டேவிட் ஹியூஸ் என்பவர் இதே தத்துவத்தில் தனியாகக் கருவி செய்து இண்டக்‌ஷன் பேலன்ஸ் என்று பிரபலமாக்கினார். இன்று கடையில் விற்கிற டிடெக்டர்கள் பலவற்றிலும் தட்டுக்குள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்கும் இரண்டு காயில்கள் செய்வது இந்த வேலையைத்தான். ரிசீவருக்குப் பதில் ஸ்பீக்கர், விட்டுவிட்டு வரும் கரண்டுக்குப் பதில் ஆசிலேட்டர், அவ்வளவே.

1881 ஜூலை 2. அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்டு பதவியேற்று நாலே மாதம். வாஷிங்டன் ரயில் நிலையத்தில் சார்லஸ் கிட்டோ என்பவன் பின்னாலிருந்து இரண்டு முறை சுட்டான். ஒரு குண்டு கையை உரசிப் போனது. மற்றொன்று முதுகில் புகுந்து உள்ளேயே தங்கிவிட்டது. எக்ஸ்ரே கண்டுபிடிக்க இன்னும் பதினாலு வருஷம் இருந்தது. உள்ளே இருக்கும் குண்டை எப்படித் தேடுவது? டாக்டர்கள் விரலை விட்டுத் தேடினார்கள். கிருமி பற்றிய அறிவு ஐரோப்பாவில் பரவியிருந்த காலம் அது. ஆனால் அந்த விரல்கள் கழுவப்படவில்லை. தலைமை மருத்துவர் பெயர் டாக்டர் பிளிஸ். இதில் வேடிக்கை, டாக்டர் என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரே! ஆள் பிடிவாதக்காரர். குண்டு வலப்பக்கம் கீழே இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்.

செய்தியைப் படித்த பெல்லுக்குத் தன் பழைய காயில்கள் ஞாபகம் வந்தன. உடனே உதவ முன்வந்தார். கூட்டாளி சம்னர் டெய்ன்டரோடு வாஷிங்டன் போய், தன் வோல்ட்டா லேபரட்டரியில் இரவு பகலாக உட்கார்ந்தார். அவர் செய்த சோதனைகளைப் படித்தால் நம் லேப் நினைப்புதான் வருகிறது. குண்டை மூடிய கைக்குள் வைத்துச் சோதித்தார். ஈரத் தவிட்டு மூட்டைக்குள் வைத்துச் சோதித்தார். இறைச்சித் துண்டுக்குள் வைத்துச் சோதித்தார். உள்நாட்டுப் போரில் குண்டடிபட்டு அதை உடம்பிலேயே சுமந்துகொண்டிருந்த பழைய சிப்பாய்களிடமும் சோதித்தார். ஈயக் குண்டு சின்னது, ஈயம் காந்தத்துக்கு மசியாத உலோகம், ஆகவே சில அங்குலம்தான் எட்டியது. ஹென்றி ரோலண்டு என்ற பேராசிரியர் சொன்னபடி கண்டென்சர் சேர்த்ததும் கொஞ்சம் முன்னேற்றம்.

ஜூலை 26 மாலை வெள்ளை மாளிகையில் முதல் முயற்சி. காயிலை நகர்த்தினால் தெளிவான ஒலி இல்லை, ஒரு கொரகொரப்பு மட்டும். திரும்பிவந்து பிரித்துப் பார்த்தால் கண்டென்சரைக் கனெக்‌ஷன் மாற்றிக் கொடுத்திருந்தார்கள். லேபில் வேலை செய்த கருவி, டெமோ அன்றைக்குத்தான் படுத்துக்கொள்ளும் என்பது அன்றைக்கே உள்ள நியதி போலிருக்கிறது.

ஆகஸ்டு 1ஆம் தேதி இரண்டாவது முயற்சி. இந்த முறை ஒலி வந்தது. ஆனால் ஒரு புள்ளியில் இல்லை. ஒரு பரந்த இடம் முழுக்க மெல்லிசாக வந்தது. ஒரு சின்னக் குண்டு இப்படி ஒலிக்காதே என்று பெல்லுக்குச் சந்தேகம். பிளிஸுக்கோ சந்தேகமே இல்லை. குண்டு தொப்புளுக்கு ஐந்து அங்குலம் கீழே வலப்பக்கம், தாங்கள் முன்பே சொன்ன இடத்தில்தான் இருக்கிறது என்று டாக்டர்கள் அறிக்கையே வெளியிட்டுவிட்டார்கள். தான் நம்பாத முடிவுக்குத் தன் கருவியே சாட்சியாகிப்போனது.

பெல் சும்மா இருக்கவில்லை. மறுநாள் திரும்பிப் போய், படுக்கையில் எங்காவது உலோகம் இருக்கிறதா என்று விசாரித்தார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ஜனாதிபதி படுத்திருந்த குதிரைமுடி மெத்தைக்குக் கீழே எஃகுக் கம்பிகளால் பின்னிய இன்னொரு மெத்தை! அதே மாதிரி மெத்தையை வரவழைத்துச் சோதித்தும் பார்த்தார். கம்பி மெத்தைதான் முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் அவர் சோதனையில் அதன் பாதிப்பு அவ்வளவு பெரிதாக இல்லை. இதைவிடப் பெரிய காரணம், பிளிஸ் சொன்ன வலப்பக்கத்தை மட்டுமே தேட அனுமதி கிடைத்ததுதான்.

செப்டம்பர் 19ஆம் தேதி கார்ஃபீல்டு இறந்தார். பிரேதப் பரிசோதனையில் குண்டு முதுகெலும்பைத் துளைத்துக்கொண்டு இடப்பக்கம் போய், கணையத்துக்குப் பின்னால் ஆழத்தில் கிடந்தது. டாக்டர்கள் குண்டு போன வழி என்று நினைத்துக்கொண்டிருந்தது சீழ் இறங்கிய வழி. உண்மையில் அவரைக் கொன்றது குண்டைவிட, காயத்தில் சேர்ந்த நஞ்சுதான் என்கிறார்கள் இன்றைய மருத்துவர்கள். இடப்பக்கம் தேடியிருந்தாலும் அந்த ஆழத்துக்கு பெல்லின் காயில் எட்டியிருக்குமா என்பது சந்தேகம். ஆனால் கருவியைப் பிடித்திருப்பவன் எங்கே தேட வேண்டும் என்பதைக் கருவி தெரியாதவர் முடிவு செய்ததை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வருகிறது. பெல் உலகப் புகழ் பெற்றவர். அவருக்கே அந்தக் கட்டிலருகில் வாய் இல்லையென்றால், நாளைக்கு சைட்டில் மீட்டரோடு நிற்கப் போகிற நம் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

மெட்டல் டிடெக்டர் வாங்கவோ செய்யவோ ஆசைப்படுகிறவர்களுக்கு இந்தக் கதைக்குள்ளேயே முதல் பாடம் எல்லாம் இருக்கிறது. கிளாஸ் ரூம் தரையில் வைத்து ஆன் செய்தால் கத்திக்கொண்டே இருக்கும். கருவி கெட்டுப் போகவில்லை, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி அது. நம்ம கம்பி மெத்தை! திறந்த மண் தரைக்குப் போங்கள். பெல்ட் பக்கிள், மோதிரம், ஷூ ஆணி, பாக்கெட்டில் இருக்கும் செல்போன் எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். முதலில் காற்றிலே ஒரு ரூபாய் நாணயத்தைக் காட்டி ஒலியைக் காதுக்குப் பழக்குங்கள். பிறகு அதே நாணயத்தை நீங்களே விரல் ஆழத்தில் புதைத்து, காயிலைத் தரைக்குச் சமமாக, தூக்காமல், நிதானமாக வீசிப் பாருங்கள். மலிவுக் கருவிக்கு நாணயம் ஒரு சாண் ஆழத்தில் கிடைத்தாலே பெரிய விஷயம். சென்சிட்டிவிட்டியை முழுசாகத் திருப்பி வைத்தால் ஆழம் கூடாது, இரைச்சல்தான் கூடும். ஒன்றை மறக்காதீர்கள்: தொல்லியல் துறை பாதுகாக்கும் இடத்தில் தோண்டக் கூடாது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் மண்ணில் புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

பெல்லிடம் திரும்புவோம். அந்த ஆகஸ்டு 15ஆம் தேதி அவருக்கு ஓர் ஆண் குழந்தை குறைமாதத்தில் பிறந்து, மூச்சு விட முடியாமல் அன்றைக்கே இறந்தது. எட்வர்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். ஜனாதிபதியின் குண்டும் சொந்த மகனின் சாவும் ஒரே மாதத்தில். அந்தத் துக்கத்தில் அவர் செய்தது, மார்பைச் சுற்றி மாட்டி காற்றழுத்தத்தை மாற்றி மூச்சு விடவைக்கும் ஓர் உலோகச் சட்டை. பிற்காலத்து இரும்பு நுரையீரலுக்கு அது முன்னோடி. குண்டு தேடும் கருவியையும் அவர் விட்டுவிடவில்லை. ஊசியும் டெலிபோனும் சேர்ந்த இன்னொரு எளிய கருவியும் செய்தார். ஊசி முனை குண்டைத் தொட்டால் காதில் டிக் என்று கேட்கும். தோல்வி உட்பட நடந்த எல்லாவற்றையும் 1882இல் மான்ட்ரியல் நகரில் நடந்த விஞ்ஞானிகள் கூட்டத்தில் விவரமாகப் படித்தார். நியூயார்க்கைச் சேர்ந்த கெர்ட்னர் என்ற டாக்டர் அவருடைய கருவியை எடுத்து நோயாளிகளிடம் பயன்படுத்தினார். எக்ஸ்ரே பரவும்வரை அது பலருக்குக் கைகொடுத்தது. அறுபது வருஷம் கழித்து, பெல் பிறந்த ஸ்காட்லாந்திலேயே, யோசெஃப் கொசாட்ஸ்கி என்ற போலந்து ராணுவ அதிகாரி கண்ணிவெடி தேடும் கருவியை உருவாக்கி, பேடன்ட் எடுக்காமல் பிரிட்டிஷ் ராணுவத்துக்குக் கொடுத்தார். 1942இல் எல் அலமெய்ன் போரில் ஐந்நூறு கருவிகள் பாலைவனத்தில் வழி திறந்தன.

பெல்லைப் பற்றி எல்லாம் பெருமையாகவே எழுதிவிட முடியாது. காது கேளாதவர்கள் சைகை மொழியை விட்டுவிட்டு வாயால் பேசியே ஆக வேண்டும் என்று அவர் வாதாடினார். காது கேளாதவர்கள் தங்களுக்குள் கல்யாணம் செய்துகொள்வதும் ஆபத்து என்று 1883இல் எழுதினார். அவருடைய செல்வாக்கால் பல பள்ளிகளில் சைகை மொழி ஒதுக்கப்பட்டது. அம்மாவும் மனைவியும் கேளாதவர்களாக இருந்தும் அந்த மக்களின் மொழியை அவர் ஏன் மதிக்கவில்லை என்பது எனக்குப் புரியவே இல்லை. அதே பெல்தான் சிறுமி ஹெலன் கெல்லருக்கு ஆசிரியை கிடைக்க வழி காட்டினார். கெல்லர் தன் சுயசரிதையை அவருக்கே காணிக்கையாக்கினார்.

கடைசிக் காலத்தைக் கனடாவில் பட்டத்திலும் விமானத்திலும் படகிலும் கழித்தார். 1909இல் அவர் குழுவின் சில்வர் டார்ட் கனடாவில் பறந்த முதல் விமானம். 1919இல் அவருடைய படகு மணிக்கு 70.86 மைல் வேகம் போய் உலக சாதனை படைத்தது. அப்போது அவருக்கு வயது எழுபத்திரண்டு. 1922 ஆகஸ்டு 2ஆம் தேதி நோவா ஸ்கோஷியாவில் காலமானார். ஆகஸ்டு 4இல் அடக்கம் நடந்தபோது வட அமெரிக்கா முழுவதும் டெலிபோன்கள் ஒரு நிமிடம் நிறுத்தப்பட்டன. அடுத்த ஜனவரியில் மேபெலும் போய்ச் சேர்ந்தார்.