டி. ஆர். விஜயவர்தனவும் பத்திரிகை ஏகபோகமும்

ஊடகத்துறையில் ஏகபோகம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், லேக்ஹவுஸ் நிறுவனத்தின் ஸ்தாபகர் டி. ஆர். விஜயவர்தனவின் வாழ்க்கையை நாம் மீட்டுப் பார்க்க வேண்டியுள்ளது.

1886 ஆம் ஆண்டு பெப்ரவரி 23 ஆம் திகதி செல்வக் குடும்பமொன்றில் பிறந்த அவர், கேம்பிரிட்ஜில் கற்றுப் பாரிஸ்டராகி 1912 இல் நாடு திரும்பினார். அரசியல் சீர்திருத்த இயக்கத்தில் ஈடுபட்ட அவர், பத்திரிகையையே தமது கருவியாக வரித்துக்கொண்டார். 1914 இல் 'தினமின'வை வாங்கினார். 1918 ஜனவரி 3 ஆம் திகதி 'சிலோன் டெய்லி நியூஸ்' வெளிவந்தது. 1923 இல் பழம்பெரும் 'ஒப்சேர்வர்' அவரது கைக்கு வந்தது. 1930 இல் 'சிலுமின'வும் 1932 இல் தமிழில் 'தினகரன்' நாளேடும் பிறந்தன. இவ்வாறு பேரை வாவிக்கரையிலிருந்த ஒரே கட்டடத்திலிருந்து மும்மொழிகளிலும் செய்தி புறப்படும் நிலை உருவாயிற்று.

இந்த வளர்ச்சியைக் குற்றமென நாம் கூறமாட்டோம். ஐரோப்பியர் வசமிருந்த 'ரைம்ஸ் ஒப் சிலோன்' பத்திரிகையுடன் போட்டியிட்டே அவர் முன்னேறினார். சுதேசியரின் அரசியல் குரலுக்கு அவரது ஏடுகள் வலுச்சேர்த்தன. எனினும், அதே ஏடுகள் இடதுசாரிகளை வன்மையாக எதிர்த்தன என்பதும் மறைக்க முடியாத உண்மை. எவரை உயர்த்துவது, எவரைத் தாழ்த்துவது என்பதைத் தீர்மானிக்கும் ஆற்றல் ஒரு நிறுவனத்திடம் குவிந்தமையே பிரச்சினையின் வேர்.

1950 ஜூன் 13 ஆம் திகதி அவர் மறைந்தார். ஏகபோகத்தை ஒழிப்பதாகக் கூறி, லேக்ஹவுஸைப் பொறுப்பேற்க 1964 இல் மேற்கொள்ளப்பட்ட முயற்சி, அவ்வாண்டு டிசம்பரில் அரசாங்கம் பாராளுமன்றத்தில் ஒரு வாக்கினால் தோல்வியடைந்தமையால் கைகூடவில்லை. 1973 இல் விசேட சட்டமொன்றின் மூலம் 75 சதவீதப் பங்குகள் பொது நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவற்றைப் பின்னர் பொதுமக்களிடையே பகிர்ந்தளிப்பதாகச் சொல்லப்பட்டது. அது இன்றுவரை நிறைவேறவில்லை. மறு ஆண்டே 'தவச', 'தினபதி' ஆகியவற்றை வெளியிட்ட போட்டி நிறுவனமும் அவசரகால விதிகளின் கீழ் மூடப்பட்டது. தனியாரின் ஆதிக்கத்துக்கு மருந்தென வந்தது, ஆட்சியாளரின் ஆதிக்கமாக முடிந்தது.

ஏகபோகத்தின் உரிமையாளரை மாற்றுவது ஏகபோகத்தை ஒழிப்பதாகாது. பலரும் போட்டியிடும் களத்தைக் காக்கும் சட்டமும், அரசியலுக்கு அஞ்சாத சுயாதீன அமைப்புமே அதற்கு வழி. 1987 இல் நியாய வர்த்தக ஆணைக்குழுவுக்கு வழங்கப்பட்டிருந்த, நிறுவனங்களின் இணைப்புகளை விசாரிக்கும் அதிகாரத்தை, அதனிடத்தில் வந்த 2003 ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தொடரவில்லை. பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி ஆகிய மூன்றும் ஒரே குழுமத்தின் கீழ் இயங்கும் இக்காலத்தில் இது பாரதூரமான குறைபாடாகும்.

விஜயவர்தன கட்டியெழுப்பிய நிறுவனம் அவர் எதிர்பார்த்திராத கைகளுக்குச் சென்றது. அதிகாரம் ஓரிடத்தில் குவியுமானால், அதனைக் கைப்பற்ற விரும்புவோர் வந்தே தீருவர். வாசகனின் உரிமையைக் காக்க விரும்புவோர் இதனை மறந்துவிடலாகாது.