நெருக்கடிக் காலத்தில் தலைமைத்துவம் கற்பித்த பெண்: மேரி பார்க்கர் பொலெட்

எமது பாடசாலை ஆரம்பிக்கப்பட்ட 1920களில், அமெரிக்காவில் ஒரு பெண்மணி தொழிற்றுறை நிர்வாகிகள் நிறைந்த மண்டபங்களில் முகாமைத்துவம் பற்றி விரிவுரை நிகழ்த்திக்கொண்டிருந்தார். அவர் ஒரு தொழிற்சாலையையும் நடத்தியவர் அல்லர். ஆயினும், தம் கீழ் வேலை செய்வோரை எப்படி வழிநடத்துவது என்று அறிய அந்த நிர்வாகிகள் அவரைத் தேடி வந்தார்கள். அவர்தான் மேரி பார்க்கர் பொலெட். முகாமைத்துவம் கற்ற எமது தங்கையர் பலர் பாடநூல்களில் அவர் பெயரைக் கண்டிருப்பர். நெருக்கடியான காலத்தில் படித்து, நெருக்கடியான காலத்திலேயே பணியாற்றியும் வரும் எங்களுக்கு அவருடைய வாழ்வு நெருக்கமானது.

மேரி 1868ஆம் ஆண்டு செப்டெம்பர் 3ஆம் திகதி மசாசூசெட்ஸ் மாநிலத்தின் குயின்சி நகரில் பிறந்தார். தாயார் நோயாளி. இளவயதிலேயே தந்தையாரையும் இழந்ததால் வீட்டுப் பொறுப்பு அவர் தோளில் விழுந்தது. தேயர் அக்கடமி என்ற பள்ளியில் அவருக்கு வரலாறு கற்பித்த அன்னா பொயின்டன் தொம்சன் என்ற ஆசிரியையே அவருடைய திறமையை இனங்கண்டு உயர்கல்விக்கு ஊக்கமளித்தார். ஆசிரியை ஒருவரின் அக்கறையால் வாழ்க்கை திசை திரும்பிய கதை எங்களில் பலருக்கும் உண்டு.

அந்நாளில் ஹாவார்ட் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்கவில்லை. பெண்களுக்கெனத் தனியே நடத்தப்பட்ட வகுப்புகளில் மேரி சேர்ந்தார். அவ்வகுப்புகளே 1894இல் ராட்கிளிவ் கல்லூரி ஆயின. இடையில் கேம்பிரிட்ஜில் உள்ள நியூன்ஹாம் கல்லூரியிலும் ஓராண்டு படித்தார். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் பதவி பற்றிய அவருடைய ஆய்வு நூல் 1896இல் வெளிவந்தது. பட்டம் கிடைத்ததோ அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1898இல்தான்.

படிப்பு முடிந்ததும் அவர் பொஸ்டன் நகரின் ரொக்ஸ்பரிப் பகுதியில் சமூகப் பணியில் இறங்கினார். வேலை முடிந்து வரும் ஏழை இளைஞருக்குக் கூடுவதற்கு இடமில்லை. பாடசாலைக் கட்டடங்களோ மாலையானதும் பூட்டிக் கிடந்தன. அவற்றைத் திறந்துவிட வேண்டும் என்று மேரி பாடுபட்டார். அதன் பயனாக 1911இல் கிழக்கு பொஸ்டன் உயர்தரப் பாடசாலை மாலை நேரச் சமூக நிலையமாகவும் இயங்கத் தொடங்கியது. பாடசாலையை விட்டுச் செல்வோருக்கு வேலை தேடித் தரும் நிலையங்களை அமைப்பதிலும் அவர் பங்கு கொண்டார். போரினால் இடம்பெயர்ந்து வந்தோருக்கு வகுப்பறைகளைத் திறந்துவிட்ட பாடசாலைகளை அறிந்த எங்களுக்கு, ஊருக்காகத் திறக்கும் பாடசாலையின் பெறுமதியை யாரும் விளக்கத் தேவையில்லை.

மேரியின் முகாமைத்துவச் சிந்தனை வேர்விட்டது இந்த நிலையங்களில்தான். பலதரப்பட்ட மனிதர் ஒன்றுகூடும் இடத்தில் கருத்து வேறுபாடு தவிர்க்க முடியாதது என்பதை அவர் அங்கே கண்டார். அதைக் குறையாகக் கருதாமல் ஆக்கத்துக்குப் பயன்படுத்தலாம் என்பதே 1925 முதல் நியூயோர்க்கில் நிர்வாகிகளுக்கு அவர் ஆற்றிய விரிவுரைகளின் சாரம். அவர் காட்டிய உதாரணம் ஒன்று எளிமையானது. பால் சேகரிக்கும் நிலையம் ஒன்றில் யாருடைய பாலை முதலில் இறக்குவது என்று மேட்டிலிருந்து வருவோரும் பள்ளத்திலிருந்து வருவோரும் சண்டையிட்டனர். கூட்டுறவுச் சங்கமே உடையும் நிலை வந்தது. இறுதியில், இறக்கும் மேடையின் இடத்தை மாற்றியதும் இரு சாராரும் ஒரே வேளையில் இறக்க முடிந்தது. எவரும் தோற்கவில்லை, எவரும் பாதியை விட்டுக்கொடுக்கவும் இல்லை.

அதிகாரம் பற்றிய அவருடைய கருத்தும் புதியதே. மற்றவர் மேல் செலுத்தும் அதிகாரத்தைவிட மற்றவரோடு சேர்ந்து உருவாக்கும் ஆற்றல் பெரிது என்றார். மேலதிகாரியும் ஊழியரும் சேர்ந்து நிலைமையை ஆராய்ந்து, அந்த நிலைமை எதைக் கேட்கிறதோ அதற்கு இருவருமே கட்டுப்பட வேண்டும் என்றார்.

இந்தக் கருத்துக்கு வந்த பெரும் சோதனை 1930களின் பொருளாதார மந்தம். 1933இல் அமெரிக்காவில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை. பிரித்தானியாவிலும் இலட்சக்கணக்கானோர் வேலையிழந்திருந்தனர். இரும்புக் கரம்தான் நாட்டைக் காக்கும் என்ற எண்ணம் பல நாடுகளில் ஓங்கியிருந்த வேளை அது. அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் லண்டன் பொருளியல் கல்லூரியின் புதிய வணிக நிர்வாகத் துறையில் விரிவுரைகள் ஆற்ற மேரி அழைக்கப்பட்டார். அங்கும் அவர் தம் பேச்சை மாற்றவில்லை. பலருடைய அறிவையும் ஒன்றிணைப்பவரே தலைவர் என்றும், தலைமைத்துவம் பிறவி வரம் அன்று, கற்றும் கற்பித்தும் வளர்க்கக்கூடியது என்றும் எடுத்துரைத்தார்.

இதன் பொருள் எங்களுக்கு 2022இல் நன்றாக விளங்கியது. வைத்தியசாலைகளில் மருந்துகள் தட்டுப்பட்டன. எரிபொருள் இல்லாமையால் ஊழியர் கடமைக்கு வந்து சேர்வதே பெரும்பாடாயிற்று. வராதோருக்குச் சம்பள வெட்டு என்று எழுதி ஒட்டுவது இலகு. ஆனால் பஸ்ஸே ஓடாத ஊரிலிருந்து ஒரு தாதியை அந்தக் கடதாசி கொண்டுவந்து சேர்க்காது. தாதியரோடும் சிற்றூழியரோடும் கூடியிருந்து பேசியபோது வழி பிறந்தது: தூரத்திலிருந்து வருவோர் ஒரே பயணத்தில் தொடர்ந்து இரு கடமை நேரங்களைச் செய்வர், அருகில் இருப்போர் இடையில் விழும் நேரங்களை ஏற்பர். யார் எந்த ஒழுங்கையில் இருந்து வருகிறார், யார் வீட்டில் கைக்குழந்தை உண்டு என்பதெல்லாம் வைத்தியர்களான எங்களைவிடச் சிற்றூழியருக்கே நன்கு தெரிந்திருந்தது. இன்று பயிற்சி வைத்தியர்களுக்கு விடுதி நிர்வாகத்தைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்கிறோம்.

எல்லா முரண்பாடும் இப்படித் தீரும் என்று மேரியும் சொல்லவில்லை. இருவருக்கு வேண்டிய மருந்து ஒருவருக்கு மட்டுமே போதுமானதாக இருக்கும்போது எந்த மேடையை மாற்றுவது? அத்தகைய நாளிலும் முடிவுக்கான காரணத்தை மறைக்காமல் கூறி, அதன் பாரத்தைச் சேர்ந்து சுமக்கலாம். கீழே இருப்பவர் தலையில் அதைக் கட்டிவிடாதிருக்கலாம்.

லண்டன் விரிவுரைகள் நடந்த அதே ஆண்டு டிசெம்பர் 18ஆம் திகதி, தமது 65ஆவது வயதில், மேரி பொஸ்டனில் காலமானார். அதன்பின் அவருடைய நாட்டவரே அவரைப் பெரும்பாலும் மறந்துபோயினர். ஜப்பானிய அறிஞர்கள் அவருடைய எழுத்துகளைத் தொடர்ந்து கற்றார்கள். 1995இல் அவருடைய கட்டுரைகள் மீண்டும் தொகுக்கப்பட்டபோது முகாமைத்துவ அறிஞர் பீற்றர் டிரக்கர் அதற்கு முன்னுரை எழுதினார்.

நூறு ஆண்டுகளில் எமது பாடசாலை அதிபர்களையும் வைத்தியர்களையும் அதிகாரிகளையும் உருவாக்கியிருக்கிறது. அடுத்த நூற்றாண்டிலும் பதவிகள் வரும், நெருக்கடிகளும் வரும். மாணவத் தலைவிக்குச் சின்னம் சூட்டும் நாளிலேயே, கட்டளையிடுவதற்கு முன் கேட்டறியும் பழக்கத்தையும் அவளுக்குக் கற்பிப்போம். அந்தப் பாடத்துக்குச் செலவு இல்லை. எத்தனை பஞ்சம் வந்தாலும் அதை நிறுத்தத் தேவையும் இல்லை.