தள்ளாத வயதா?

சென்ற திங்கள் ஒரு கூட்டத்திற்காகக் கள்ளக்குறிச்சிக்குச் சென்றிருந்தோம். மேடை உண்டு, கொடி உண்டு, கூட்டமும் உண்டு. ஒரு முகத்தை மட்டும் காணோம். கச்சிராயபாளையம் வரை மிதிவண்டியிலே போய், மலையடிவாரச் சிற்றூர்களில் எல்லாம் நாற்பதாண்டுக் காலம் சுவரொட்டி ஒட்டிய பெரியவர் அவர். எங்கே என்று கேட்டோம். முழங்கால் வலியாம். தடியூன்றி நாலு பேர் முன்னிலையில் வர வெட்கமாம்! வீடு தேடிச் சென்றோம். திண்ணையில் அமர்ந்து கல்வராயன் மலையைப் பார்த்தபடி இருந்தார். வயது அறுபத்தெட்டு.

அறுபத்தெட்டு! தந்தை பெரியாருக்கு அந்த வயது நிறைந்தது 1947இல். அதற்குப் பிறகு இருபத்தாறு ஆண்டுகள் அவர் ஊர் ஊராகச் சுற்றினாரே, தோழர்களே! அந்தக் கதையைத்தான் திண்ணையில் அமர்ந்து பெரியவரிடம் பேசினோம்.

பெரியாருக்கு இரும்பு உடல் என்று மேடையிலே புகழ்வோர் உண்டு. நாமும் புகழ்ந்திருக்கிறோம். அது பிழை. 1879 செப்டம்பர் 17இல் ஈரோட்டில் செல்வர் வீட்டிலே பிறந்தவர் அவர். வாலிபத்தில் காசித் தெருக்களில் பட்டினி கிடந்தார். காங்கிரசில் இருந்த நாளில் கதர் மூட்டையைத் தோளிலே சுமந்து விற்றார். 1931 இறுதியில், ஐம்பத்திரண்டாம் வயதில் கப்பலேறி, ஏறத்தாழ ஓராண்டுக் காலம் ஐரோப்பாவையும் சோவியத் நாட்டையும் சுற்றி வந்தார். உடற்பயிற்சி செய்தாரா? இல்லை. குளிப்பதென்றாலே அவருக்குக் கசப்பு. அதை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம்!

முதுமையிலே அந்த உடல் அவரைப் படுத்திய பாடு கொஞ்சமா? குடலிறக்கம் ஒருபுறம், சிறுநீர்க் கோளாறு மறுபுறம். கடைசி ஆண்டுகளில் சிறுநீர் தானாக வெளியேறவில்லை. குழாய் பொருத்தி, அதற்கென ஒரு கலத்தையும் உடன் எடுத்துக்கொண்டே ஊர் ஊராகப் போனார். ஆயிரமாயிரம் பேர் கூடும் திடலிலே அதை மறைக்க வேண்டுமென்று அவர் எண்ணியதுண்டா? இல்லை. தாமே மேடையில் அதைச் சொல்வார். கால் தளர்ந்ததா, தடி வந்தது. தடி போதவில்லையா, இருபுறமும் இளைஞர் தோள் வந்தது. நிற்க முடியவில்லையா, நாற்காலியில் அமர்ந்து பேசினார். நடக்கவே இயலவில்லையா, சக்கர நாற்காலி வந்தது. நெடுந்தொலைவுக்கு வேன். படுத்துக்கொண்டே அடுத்த ஊருக்குப் போகலாம் அல்லவா! உதவி வாங்குவதை இழிவென்று கருதியிருந்தால், எழுபதிலேயே திண்ணையில் முடங்கியிருப்பார்.

1957இல், எழுபத்தெட்டாம் வயதில் ஆறு மாதச் சிறைத் தண்டனை. வெளியே வந்தவர் ஓய்வா எடுத்தார்? 1959இல் கான்பூர், லக்னோ, டெல்லி என்று வடக்கே கிளம்பிவிட்டார். அவர் வாழ்நாளில் சுற்றிய தொலைவு 8,20,000 மைல் என்று கழகத்தார் கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஒன்றை மறைத்தால் நாம் நேர்மையற்றவராவோம். அந்த உடலை ஓட வைத்த கை மணியம்மையாருடையது. எதை உண்ணலாம், எதை உண்ணக்கூடாது, எப்போது மருந்து, எப்போது உறக்கம் என்று காத்தவர் அவர். பெரியாருக்கு நல்ல சாப்பாட்டின் மேல் ஆசை. அம்மையாரோ தட்டைத் தள்ளி வைப்பார். தம் ஆயுள் நீண்டது அவராலேயே என்பதைப் பெரியாரே ஒப்புக்கொண்டார். 1949 திருமணத்தின்போது தூற்றியோர் ஏராளம். அந்தப் பணிவிடையின் கணக்கை எழுதியோர் எத்தனை பேர்? நம் வீட்டு முதியவரை எழுப்பி, நடத்தி, கழுவி விடும் பெண்ணுக்கு நாம் நன்றி சொன்ன நாள் உண்டா?

மருத்துவர்கள் இன்று சொல்வதும் இதுதானே. படுத்தே கிடந்தால் தசை கரையும். தசை கரைந்தால் நடை தள்ளாடும். தள்ளாடினால் விழுவோமோ என்ற அச்சம் வரும். அச்சம் வந்தால் மறுபடி படுக்கை. கல்வராயன் மலை மேல் போய்ப் பாருங்கள், முதியவர்கள் கோலூன்றியே மேடு ஏறுகிறார்கள். அங்கே கோலுக்கு வெட்கமில்லை.

1973 டிசம்பர் 19. சென்னை தியாகராய நகரில் பொதுக்கூட்டம். வயது தொண்ணூற்று நான்கு. பேச்சின் நடுவே குடலிறக்க வலி பிடுங்கித் தின்றது. வாய்விட்டு அரற்றினார். கூட்டம் கலங்கி நின்றது. வலி சற்றுத் தணிந்ததும், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். மறுநாள் சென்னையில் மருத்துவமனை, பிறகு வேலூர். 24ஆம் நாள் காலையில் மறைந்தார்.

கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு உள்ளே பார்த்து, கதவுக்குப் பின்னாலிருக்கும் தடியை எடுத்துவரச் சொன்னார். அடுத்த கூட்டம் என்றைக்கு என்று எம்மைக் கேட்டார்.