ஏலத்தினின்று மீண்ட புரவி

ஐயனார் கோயில் மண்குதிரைகளையே கண்டு வளர்ந்த காரைக்காலினனாகிய யான் பந்தயப் புரவியைப் பற்றி எழுதுவது நகைப்பிற்கிடமாகலாம். எனினும், 1877-ல் கராச்சியிற் பிறந்து இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவராய் விளங்கிய மூன்றாம் ஆகா கானின் வாழ்வில் இஃதொரு சுவைமிக்க பகுதி.

1922-ல் மும்தாஜ் மகால் என்னும் சாம்பல்நிறப் பெண்குட்டி அவர்பொருட்டு 9,100 கினிக்கு வாங்கப்பெற்றது. வேகத்தில் அதற்கு இணையில்லை என்றனர். அதன் மகளை, 1930-ல் டெர்பிப் பந்தயம் வென்ற தம் பிளென்ஹீமுடன் சேர்த்தார். 1933-ல் மகமூது பிறந்தது. பாட்டியின் நிறமே பேரனுக்கும் வாய்த்தது. ஆயினும் மறுவாண்டே அதனை விற்கத் துணிந்து, பிரான்சு நாட்டு டோவில் ஏலத்துக்கு அனுப்பினார்! குறித்த விலைக்குக் கேட்பாரில்லை, குட்டி மீண்டது. வாங்க வந்தோரின் கைச்சிக்கனமே அவரைக் காத்தது என்பேன். 1936-ல் இங்கிலாந்தின் எப்சம் திடலில் அக்குட்டியே டெர்பி வென்றது. ஒன்றரை மைலை 2 நிமிடம் 33⅘ விநாடியிற் கடந்த அவ்வேகத்தை 1995 வரை அப்பந்தயத்தில் எக்குதிரையும் விஞ்சவில்லை.

1940-ல் மகமூது அமெரிக்காவுக்கு விற்கப்பட்டது. ஆகா கான் 1957-ல் காலமானார்.